நன்னடத்தை உள்ளவரைதான் பென்ஷன்

அண்ணா,

இது அப்பா உங்களுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம். சேலம் ஜெயிலிலிருந்து வெளியே போகும் கடிதத்தை அங்கே ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார் என்பதால், அப்பா உங்களுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல மாதாமாதம் உங்களுக்கு எழுதுவது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை அந்தக் கடிதங்களில் இருந்ததெல்லாம் அம்மாவின் பேச்சு, என் கையெழுத்து. இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் பக்கத்திலேயே தூங்குகிறாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் பூகோளப் புத்தகத்தை இழுத்துத் தாளின்மேல் வைத்துக்கொள்கிறேன். விழித்துக் கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்வேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பென்ஷன் நின்றுவிட்டது. அவர் உள்ளே போனதற்கு அடுத்த மாதமே நின்றுவிட்டது. நாக்பூரிலிருந்து நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் 'அப்பாவின் பென்ஷன் வருவதால் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை' என்று ஒரு வரி இருக்கும். நான் அதைப் படிக்கும்போது அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, மாசம் பொறந்தா டான்னு வருதுன்னு எழுது" என்பாள். நானும் எழுதுவேன். ஒரு தடவை மட்டும் பேனாவை நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். "என்ன பாக்கற? அவனுக்குத் தெரிஞ்சா வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துருவான். வந்து போலீசுல போயி நின்னுக்குவான். உங்கப்பன் உள்ள போனது வீணாப் போகோணுமா?" என்றாள். அதற்குமேல் நான் நிறுத்தவில்லை. உங்களை ஏமாற்றிய கை இதுதான்.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அன்று கிணற்று மேட்டில் நடந்ததை நம் வீட்டில் யாரும் யாரோடும் பேசியதில்லை. பேசாமலே இருந்ததால் அது நடந்த மாதிரியே இல்லாமல், அப்பா மட்டும் எங்கோ வேலைக்குப் போயிருப்பதுபோல ஆகிவிட்டது. அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் ஒரு முறையாவது எழுதிவிடுகிறேன்.

கிணறு நமக்கும் சித்தப்பாவுக்கும் பொது. ஒரு நாள் தண்ணீர் நமக்கு, மறுநாள் அவர்களுக்கு. மழை இருந்த வருஷங்களில் யார் முறை என்றுகூட யாரும் கேட்டதில்லை. அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. நம் முறையன்று பகல் முழுவதும் கரண்ட் இல்லை. மறுநாள் விடியற்காலையில் நீங்கள் போய் மோட்டாரைப் போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு ரயில்வேயிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருந்த வாரம் அது. சித்தப்பா வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே வந்தார். அவர் சண்டைக்கு வந்த மாதிரிகூட இல்லை. சிரித்துக்கொண்டுதான் வந்தார். "ஏண்டா, கரண்டு போனா அது உன்ற தலையெழுத்து. முறைன்னா முறைதான். ரயிலு வேலைக்குப் போறவனுக்குக் குச்சிக்கெழங்குக்குத் தண்ணி எதுக்கு? டேஷன் கொழாயில போயிக் குடி" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தக் குனிந்தார். நான் தூக்குப் போசியில் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். உங்கள் கையில் மடை மாற்றும் மம்பட்டி இருந்தது. அது மேலே போனதைப் பார்த்தேன். கீழே வந்ததைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது சித்தப்பா வாய்க்கால் கல்லின்மேல் கிடந்தார். தொழுவத்திலிருந்து ஓடிவந்த அப்பா முதலில் உங்கள் கையிலிருந்து மம்பட்டியை வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் சித்தப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவை வண்டியில் ஏற்றும்வரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. ஊரெல்லாம் பார்த்தது அப்பாவின் கையில் இருந்த மம்பட்டியைத்தான்.

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த பேச்சின்போது நீங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். சித்தப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது, இடது கை மட்டும் வரவில்லை. போலீஸ் வாக்குமூலம் வாங்க வரப்போகிறது என்று தெரிந்து, நம் மாமா உள்ளே போய் அவரிடம் பேசினார். கதவு திறந்தே இருந்தது. சித்தப்பா மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "பையன் என்ற தோள்ல வளந்தவனுங்க. அவனக் காட்டிக் குடுத்து அவன் பொழப்பக் கெடுக்க எனக்கு மனசு வரலீங்க. ஆனா என்ற கை போயிருச்சுங்களே. யாராச்சும் உள்ள போகோணுமுங்க. சும்மா உட்டா நான் மனுசனாவே இருக்க முடியாதுங்க." மாமா வெளியே வந்து அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினார், ஆடு வாங்குகிறவர் மாதிரி. "மச்சான், பையன் போனா வேலையும் போச்சு, பேரும் போச்சு. நீங்க ரிட்டயர் ஆனவுங்க. இனி உங்களுக்குப் போறதுக்கு என்ன வேலை இருக்குது? நீங்க உள்ள இருந்தாலும் பென்ஷன் பாட்டுக்கு ஊடு வந்து சேரும். உங்களுக்கு அங்கயே சோறு. ஒருத்தருக்கும் நட்டமில்ல." அப்பா உடனே சரி என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்ன ஒரே காரியம் அதுதான் என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

அப்பா ஏன் அப்படி நம்பினார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். ஆத்தூரிலும் மோகனூரிலும் நாமக்கல்லிலும் எத்தனை மாட்டின் வாயில் கை விட்டு மருந்து கொடுத்திருப்பார். ரிட்டயர் ஆன அன்று மாலையோடு வீட்டுக்கு வந்து, பெரிய டாக்டர் பேசியதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். 'இத்தனை வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காத ஆள்' என்று டாக்டர் சொன்னாராம். மாலையைக் கழற்றி மாட்டின் கழுத்தில் போட்டுவிட்டார், உங்களுக்கு நினைவிருக்கும். மாடு அதைத் தின்றுவிட்டது. பென்ஷன் முதல் மாதம் வந்தபோது, "இது சம்பளமில்ல சாமி, சம்பாரிச்சு முடிச்ச காசு. இத இனி ஆரும் தொட முடியாது" என்றார். சொந்த நிலம், காடு கரை மாதிரித்தான் அதை அவர் நினைத்திருந்தார். பட்டா தன் பேரில் இருக்கும்போது ஆள் எங்கே இருந்தால் என்ன என்பதுபோல. அவர் மட்டுமா, மாமாவும் சித்தப்பாவும் அம்மாவும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நம் வீட்டில் செய்த பெரிய தப்பு அதுதான். அது காடு இல்லை.

தீர்ப்பு ஆகி அப்பா உள்ளே போன அடுத்த மாதம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நாமக்கல் ட்ரெஷரிக்குப் போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அப்பாவை நன்றாகத் தெரிந்தவர். அவருடைய எருமைக்குக் கன்று மாட்டிக்கொண்டபோது அப்பாதான் போய் எடுத்தாராம். "கம்பவுண்டர் எங்கம்மா? ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். அம்மா நேராகச் சொன்னாள், "ஜெயில்ல இருக்கறாருங்க." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். "இதை எங்கிட்ட எதுக்குங்கம்மா சொன்னீங்க?" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, நெசத்தச் சொன்னாப் பணம் இல்லீங்களா?" என்றாள். தண்டனை ஆனவர்களுக்குப் பென்ஷனை நிறுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டென்றும், எப்படியும் மேலே தெரிந்துதான் போயிருக்குமென்றும், இனி மேலேயிருந்து உத்தரவு வராமல் தன்னால் ஒரு ரூபாய்கூடத் தர முடியாதென்றும் அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற வாத்தியார் ஒருவர், "மவராசன் சாப்பாட்டுக்கு அங்கயும் சர்க்காரு, இங்கயும் சர்க்காருன்னா எப்பிடீங்க?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பாடம் எடுத்தவர் அந்த வாத்தியார். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்று முதல் அம்மா களையெடுக்கப் போகிறாள். நம் ஊரில் போகமாட்டாள். விடிவதற்கு முன் கிளம்பி, நம்மைத் தெரியாத ஊராகப் பார்த்துப் போவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். சித்தப்பா வீட்டு வாசலில் அவரும் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு முள்வேலிதான். ஒரு கையால் பீடி பற்றவைக்க முடியாமல் அவர் தீப்பெட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்து இடுக்கிக்கொண்டு உரசுவதை நான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவரும் பார்ப்பார். ஒரு நாள், "அப்பன் எப்பிடி இருக்கறாரு?" என்று கேட்டார். "இருக்கறாருங்க" என்றேன். "பென்ஷன நிறுத்திப்போட்டாங்களாமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டே, "நான் பென்ஷன நிறுத்தச் சொல்லலையே கண்ணு" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெண்கள் என்னோடு சண்டை போடுவதில்லை அண்ணா. அதுதான் கஷ்டம். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூடவே இடம் விட்டு உட்காருவார்கள்.

இப்போது அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். வேலை நிரந்தரமாகும்வரை ஜெயில் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று மாமா உங்களிடம் சொன்னார். நிரந்தரமாகி இவ்வளவு நாள் ஆகியும் நீங்கள் வரவில்லை என்பதால், அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சேலத்தில் இறங்கி, கொண்டப்பநாயக்கன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் வழியில் இறக்கிவிடுவார்கள். கண்டக்டர் 'ஜெயிலு எறங்கு' என்று சத்தம் போடும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு மரத்தடியில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் உள்ளே ஓட வேண்டும். இரண்டு கம்பி வலை, நடுவில் ஆள் நடக்கிற இடம். அந்தப் பக்கம் வரிசையாக அவர்கள், இந்தப் பக்கம் வரிசையாக நாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்தாமல் எதுவும் கேட்காது. கத்திச் சொல்ல முடியாததை அங்கே சொல்லவே முடியாது.

அதற்காக அப்பா ஒன்று கண்டுபிடித்தார். முதல் தடவையே, "செவலைக் காளை எப்பிடி இருக்குது சாமி?" என்று கத்தினார். நம்மிடம் செவலைக் காளையே இல்லையே என்று நான் விழித்தேன். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "நல்லாருக்குதுங்க, தீவனமெல்லாம் எடுக்குது" என்று பதில் கத்தினாள். அது நீங்கள்தான் அண்ணா. உங்கள் வேலை நிரந்தரமானதாக நீங்கள் எழுதியபோது, "மூக்கணாங்கவுறு குத்தியாச்சுங்கப்பா" என்று நான் கத்தினேன். அப்பா வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பக்கத்தில் நின்ற ஒரு ஆள் என்னிடம், "அம்மிணி, காளை வெலைக்குங்களா?" என்று விசாரித்தார். அப்பாவுக்குப் பதில் சொல்வதா, இவருக்குச் சொல்வதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

போன தடவை அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் அவர் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆத்தூரில் இருந்தபோது ஒரு மாடு அவரை உதைத்துத் தள்ளியதே, விலா எலும்பில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாரே, அதை நினைவுபடுத்தினார். மாட்டுக்காரன் தடியை எடுத்துக்கொண்டு அடிக்கப் போனானாம். அப்பா தரையில் கிடந்தபடியே வேண்டாம் என்று தடுத்தாராம். "மாடு மூஞ்சியப் பாக்காது சாமி, கையத்தான் பாக்கும். கையில ஒண்ணுமில்லைன்னா அது பாட்டுக்கு நிக்கும். ஆத்திரம் வந்தா மொதல்ல கையில இருக்கறதக் கீழ போட்டறோணும். பேச்சு அப்பறம். இத செவலைக்குச் சின்னதுலயே பழக்காம உட்டது என்ற தப்பு. ஆசுபத்திரி, ஆசுபத்திரின்னு ஊரு மாடெல்லாம் பாத்தேன், ஊட்டு மாட்டப் பாக்கல. அது முட்டினதுக்கு அத ஆரும் அடிக்க வேண்டாம். அது பயந்து கெடக்கும். பக்கத்துல போறவிய வெறுங்கையோட போகோணும்." இவ்வளவையும் அவர் கத்தித்தான் சொன்னார். தொண்டை கட்டிவிட்டது. நாம் ஆத்தூரில் இருந்தபோது நான் கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. உங்களுக்கு அந்த மாடு நினைவிருக்கிறதா?

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். பென்ஷனை ஒரேயடியாக நிறுத்திவிடுவதா, ஒரு பகுதியாவது கொடுப்பதா என்று முடிவு செய்யப்போவதாகவும், அப்பா ஏதாவது சொல்ல விரும்பினால் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் அவருடைய டிபார்ட்மென்டிலிருந்து தபால் வந்தது. பென்ஷன் என்பது பிற்கால நன்னடத்தை என்ற நிபந்தனைக்கு உட்பட்டது என்று அதில் இருந்தது. நான் அதை வலைக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய கண்ணாடி உள்ளே உடைந்துவிட்டதால் அவரால் படிக்க முடியாது. இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பணத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "என்ற நடத்தை சரியில்லைன்னு எழுதிட்டாங்களா சாமி?" என்று கேட்டார். நிபந்தனை அப்படி என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அப்பிடீன்னா என்ற நடத்தை சரியில்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "இனி வார வருசத்தத்தான் நான் குடுத்தேன். போன முப்பது வருசத்தையும் எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார். அதை அவர் கத்தவில்லை. வாய் அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் அம்மா போனாள். அவர் தபாலைப் படித்துவிட்டு, வழி இருக்கிறது என்றார். மனைவியும் படிக்கிற பெண்ணும் பட்டினி கிடக்கிறார்கள், கருணை காட்டி ஒரு பகுதியாவது கொடுங்கள் என்று கேட்டால் சில சமயம் கொடுப்பார்களாம். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அவர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். அதில் 'நான் செய்த குற்றத்துக்காக மனமார வருந்துகிறேன், இனி நன்னடத்தையுடன் இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அது இல்லாமல் எழுத முடியாதா என்று நான் கேட்டேன். அவர் மூக்குப்பொடியை உதறிவிட்டு, "அம்மிணி, அரசாங்கத்துக்கிட்ட கேக்கறதுன்னா குனிஞ்சுதான் கேக்கோணும். நிமுந்து நின்னு கேட்டா அது மனு இல்ல, நோட்டீசு" என்றார்.

அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன தடவை அந்த வரி வந்ததும், "அத எடுத்துப்போட்டு மீதிய அனுப்பு" என்றார். எடுத்துவிட்டால் பிரயோசனமில்லை என்று அம்மா அழுதாள். "கோர்ட்டுல ஆமான்னு சொன்னீங்களே, இங்க சொன்னா என்னுங்க?" என்று கத்தினாள். அப்பா சொன்னதை நான் மறக்கமாட்டேன். "கோர்ட்டு வேற. அவியளுக்கு என்னயத் தெரியாது. அங்க கேட்டதுக்கு ஆமான்னேன், அவ்வளவுதான். டிபார்ட்மென்டுக்கு என்னயத் தெரியும். பெரிய டாக்டரு இப்பவும் இருப்பாரு. நானே என்ற கையெழுத்துப் போட்டு, நான் இப்பிடிப்பட்டவன்னு அவருக்கு எழுதிக் குடுக்கமாட்டேன்." கோர்ட்டில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கவும் அவரால் முடியாது. எழுதினால் நீங்கள் உள்ளே போக வேண்டும். ஆமாம் என்றும் எழுத முடியாமல், இல்லை என்றும் எழுத முடியாமல் அவர் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்தது என்று வார்டர் தோளைத் தொட்டபோது, அதட்டின மாட்டைப் போலத் திரும்பி நடந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு யோசனை சொன்னாள். வரும் சனிக்கிழமை நாங்கள் மறுபடியும் போக வேண்டும். அந்த வரி இருக்கிற தாளையே எடுத்துப்போய், நான் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்துக் காட்ட வேண்டும். எடுத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அப்பாவால் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. தாளை வார்டர்கள் உள்ளே வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கித் தருவார்கள், மகள் படித்துக் காட்டிவிட்டாள் என்றால் கேட்க மாட்டார்கள். நான் முடியாது என்றேன். அம்மா அடிக்கவில்லை. "உனக்கு மேல படிக்கோணுமா, ஜவ்வரிசி மில்லுல மாவு காயப்போடப் போகோணுமா, நீயே பாத்துக்க. என்னால இதுக்குமேல குனிய முடியாது, இடுப்பு வலிக்குது" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. ராத்திரி அவள் இடுப்பில் நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். பத்தாவதோடு நிறுத்திவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு நன்றாகப் படிப்பு வருகிறது அண்ணா.

உங்களிடம் யோசனை கேட்கலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் கணக்குப் பார்த்தேன், நாக்பூருக்குக் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் சனிக்கிழமை தாண்டிவிடும். அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். நான் அந்த வரியையும் சேர்த்துத்தான் படிக்கப் போகிறேன். மற்ற வரிகளைவிடச் சத்தமாகவே படிப்பேன். அவர் காதில் விழாத ஒரு சொல்லுக்குக்கீழ் அப்பாவின் கையெழுத்து இருக்கக்கூடாது. கேட்டபிறகும் எங்களுக்காகப் போடுகிறேன் என்று அவர் சொன்னால் போடட்டும். அவர் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போலீஸிடம் போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. அப்பா உங்களுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. அவருக்கே அப்போது தெரியாது. இனி நம் வீட்டில் சம்பளம் என்றால் உங்கள் சம்பளம்தான். முடிந்ததை அம்மா பேருக்கு அனுப்புங்கள். ஏன் அனுப்புகிறீர்கள் என்று எழுத வேண்டாம். நிரந்தரமான பிறகு மகன் அனுப்புவது வழக்கம்தானே என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். லீவு கிடைத்தால் வாருங்கள். ஊருக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, சேலத்தில் இறங்கி அப்பாவை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் ஆகாது. மகன் அப்பாவைப் பார்க்க வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சனிக்கிழமை அப்பா மாட்டேன் என்று சொன்னதும், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு நான் பஸ் ஏற வேண்டும். நாமக்கல் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருப்பாள். நான் செய்தது சரியா என்று கேட்க எனக்கு ஆள் இருக்காது. அப்போது இந்தக் கடிதம் உங்கள் கைக்குக்கூட வந்திருக்காது, ரயிலில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். ஆனாலும் நான் என்ன செய்தேன் என்று இன்னொருவருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த பஸ்ஸில் நான் தனியாக இருக்கமாட்டேன். அதற்காகத்தான் இன்றைக்கே எழுதினேன்.

உங்கள் தங்கை